மெக்லாரனைக் கொடுத்துப் பழைய ஃபெராரி: கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை

வடமேற்கு லண்டனில் ஹாரோ பகுதியில் வாழும் பல் மருத்துவர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவரிடம் 2018இல் பதிவான மெக்லாரன் 570எஸ் இருக்கிறது. பிசிபி என்னும் தவணைத் திட்டத்தில் அதை வாங்கினார். முன்பணம் 20,000 பவுண்டு. மாதம் 1,250 பவுண்டு வீதம் 48 தவணைகள். கடைசியில் 60,000 பவுண்டு கட்டினால் கார் அவருக்குச் சொந்தமாகும். இதுவரை 26 தவணைகள் கட்டியிருக்கிறார். "வேகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் காரை நான் ஓட்டுகிறேன் என்ற உணர்வு வருவதே இல்லை" என்று எழுதுகிறார். பழைய சூப்பர்கார்களை விற்கும் ஒரு நிலையத்தில், 2002ஆம் ஆண்டின் ஃபெராரி 360 மொடேனா ஒன்றைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்திருக்கிறார். விளம்பரத்தில் "மேனுவல் கியர், முழு சர்வீஸ் பதிவுகள் உண்டு" என்று இருக்கிறது. நிலையத்தார் மெக்லாரனை எடுத்துக்கொண்டு, கடனையும் அடைத்து, வித்தியாசத்தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு ஃபெராரியைத் தருவதாகச் சொல்கிறார்கள். அந்த ஃபெராரி வேறொரு வாடிக்கையாளருடையது. நிலையம் அவர் சார்பில் விற்றுத்தருகிறது. ரசீதும் அவர் பெயரில்தான் வரும்.

இந்த மாற்று சட்டப்படி பாதுகாப்பானதா என்பது அவருடைய முதல் கேள்வி. பாதிக்கு மேல் தவணை கட்டியாகிவிட்டதால் மெக்லாரனைக் கடன் நிறுவனத்திடமே திருப்பி ஒப்படைத்துவிட முடியாதா என்பது இரண்டாவது. மின்னணுக் கருவிகள் இல்லாத பழைய காருக்குப் பராமரிப்புச் செலவு குறையும், அதன் விலையும் வரியில்லாமல் ஏறும், ஆகவே ஓய்வுக்காலச் சேமிப்பின் ஒரு பகுதியாக அதைக் கருதலாமா என்பது மூன்றாவது. மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. இந்த வார இறுதிக்குள் முன்பணம் கட்டச் சொல்லி விற்பனையாளர் அவசரப்படுத்துகிறார். கிரெடிட் கார்டில் கட்டினால் பாதுகாப்பு உண்டு என்று இவர் நம்புகிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஆசையை நான் சிறிதும் குறைத்துப் பார்க்கவில்லை. 2009இல் வந்த ஃபெராரி 458க்கு மேனுவல் கியர் வழங்கப்படவே இல்லை. 2011இல் வந்த லம்போர்கினி அவென்டடோரும் அப்படித்தான். அதே ஆண்டு விற்பனைக்கு வந்த எம்பி4-12சி முதல் உங்கள் 570எஸ் வரை, மெக்லாரனின் சாலைக் கார்களில் கிளட்ச் பெடலே கிடையாது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் மனிதக் கையைவிட வேகமாகக் கியரை மாற்றும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மணிக்கு 30 மைல் வரம்புள்ள தெருவில் அந்த வேகத்தால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி நியாயமானது. கையும் காலும் சேர்ந்து செய்யும் வேலையில் இன்பம் காண்பவர் அதைத் தேடிப் போவது அசட்டுத்தனம் ஆகாது. என் கவலையெல்லாம் நீங்கள் கையெழுத்திடப்போகும் தாள்களைப் பற்றியது.

ஒன்றை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேடில் கியர் (ஸ்டீயரிங்குக்குப் பின்னாலுள்ள நெம்புகளால் மாற்றுவது) உள்ள 360ஐவிட மேனுவல் 360க்கு இன்று சந்தையில் விலை அதிகம். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கப்போகும் பணம் முழுவதும் அந்த ஒரு கியர் கம்பிக்காகத்தான். ஆகவே அந்தக் கியரைப் பற்றி யார், எந்தச் சொற்களில், எந்தத் தாளில் உறுதி தருகிறார் என்பதுதான் இந்தப் பேரத்தின் மையம்.

"மேனுவல் கியர்" என்ற இரண்டு சொற்கள்

ஃபெராரி 1997இல் 355 என்னும் காரில் அறிமுகப்படுத்திய, பேடிலால் இயங்கும் எஃப்1 கியர்பாக்ஸும் அடிப்படையில் ஆறு வேக மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் ஓட்டுநருக்குப் பதிலாக ஒரு மின்-ஹைட்ராலிக் அமைப்பு இயக்கும்; அவ்வளவுதான் வேறுபாடு. 360 மொடேனா இரண்டு வகையாகவும் விற்கப்பட்டது. அடிப்படை ஒன்றே என்பதால், எஃப்1 காரிலிருந்து ஹைட்ராலிக் பாகங்களைக் கழற்றி, கிளட்ச் பெடலும் பள்ளம் வெட்டிய உலோகத் தகடும் கியர் கம்பியும் பொருத்தி, கணினியின் நிரலையும் மாற்றி அதை மேனுவல் காராக ஆக்கிவிட முடியும். மேனுவல் காருக்கு விலை ஏறிய பிறகு இந்த வேலையைச் செய்து தரும் பட்டறைகள் பெருகிவிட்டன.

மாற்றியமைத்த காரை வாங்குவது தவறில்லை. வேலை நன்றாக நடந்திருந்தால் ஓட்டும் இன்பமும் பெரிதாகக் குறையாது. விலையும் மலிவாக இருக்க வேண்டும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாற்றியமைத்த காரையும் "மேனுவல் கியர்" என்று விளம்பரம் செய்யலாம். அந்தச் சொற்களில் பொய் இல்லை. எனவே ரசீதிலும் ஒப்பந்தத்திலும் "தொழிற்சாலையிலிருந்து மேனுவல் கியர்பாக்ஸுடன் வெளிவந்த கார், பின்னர் மாற்றியமைக்கப்பட்டதன்று" என்று எழுதச் சொல்லுங்கள். அந்த விவரத்தை நம்பியே வாங்குகிறேன் என்று ஒரு வரியை நீங்களும் மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1967இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பழைய கார் வழக்கைத் தீர்த்தது. தனிநபர் ஒருவர் தம் டிரயம்ஃப் ஹெரால்டை 1961ஆம் ஆண்டுக் கார் என்று விளம்பரம் செய்து விற்றார். வாங்கியவர் பிறகு பார்த்தால், அது இரண்டு கார்களின் பாதிகளை ஒட்டவைத்தது. பின்பாதி மட்டுமே 1961ஆம் ஆண்டினது. விற்றவருக்கும் அது தெரியாது. ஆயினும் விவரத்தோடு பொருந்தாத பொருளை விற்றதற்காக அவர் இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் பின் வந்த ஓர் ஓவிய வழக்கில் முடிவு நேர்மாறாக அமைந்தது. ஓவியரின் பெயர் சொல்லித்தான் விற்றார்கள். படம் போலி என்று தெரியவந்தது. ஆனால் அத்துறையில் தேர்ந்தவரான வாங்கியவர், விற்றவரின் சொல்லை நம்பி வாங்கவில்லை என்று கருதி நீதிமன்றம் அவருக்குத் தோல்வியைத் தந்தது. நீங்கள் நம்பினீர்கள் என்பது தாளில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எழுத்தில் உறுதி வாங்குவதோடு நில்லாமல் நீங்களே சரிபார்க்கவும் வழிகள் இருக்கின்றன. சேஸிஸ் எண்ணைக் கொண்டு, அந்தக் கார் எந்த அமைப்புடன் தயாரிக்கப்பட்டது என்பதை ஃபெராரியின் அதிகாரபூர்வ விற்பனையாளர் வழியாகக் கேட்டறியலாம். இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு ஃபெராரி கிளாசிகே என்னும் பிரிவு அசல்தன்மைச் சான்றிதழ் தருகிறது. 2002ஆம் ஆண்டுக் காருக்கு அது கிடைக்க வாய்ப்புண்டு. சர்வீஸ் ரசீதுகளை முதல் தாளிலிருந்து வரிசையாகப் படியுங்கள். எஃப்1 பம்ப்பையோ அதன் இயக்கியையோ மாற்றியதாக ஒரு பழைய ரசீது இருந்தால், அப்போது அந்தக் கார் மேனுவலாக இருந்திருக்க முடியாது.

உங்களுக்கு விற்பவர் யார்?

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி என்னை நிறுத்தியது. ரசீது உரிமையாளரின் பெயரில் வரும் என்ற வரி அது. பளபளப்பான விற்பனை நிலையத்தில் வாங்குவதால் நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு தானாகவே கிடைக்கும் என்று எண்ணியிருக்கிறீர்கள். அப்படி எண்ணிவிடாதீர்கள்.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் வணிகரிடமிருந்து நுகர்வோர் வாங்கும் பொருளுக்கு உரியது. அதன்படி கார் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் முதல் 30 நாட்களுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப்பணத்தையும் கேட்கலாம். அதன் பிறகு பழுதுபார்க்க ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அதுவும் பயன்படாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் அல்லது விலையைக் குறைக்கச் சொல்லலாம். முதல் ஆறு மாதங்களில் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிறுவுவது விற்றவரின் பொறுப்பு. ஆனால் 30 நாட்கள் கடந்தபின் திருப்பிக் கொடுத்தால், ஓட்டிய அளவுக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்ள விற்றவருக்கு உரிமை உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய காரில் புதுக் காரின் தரத்தைச் சட்டம் எதிர்பார்ப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தனிநபர் விற்பவராக இருந்தால் இவற்றில் பெரும்பகுதி இல்லை. விவரத்தோடு பொருந்த வேண்டும் என்ற விதி இருக்கும். பொய்யான கூற்றுக்கு எதிரான பரிகாரம் இருக்கும். தரத்தைப் பற்றிய உறுதி இராது. நிலையம் முகவராக மட்டும் நடுவில் நிற்கும்போது யாரைப் பொறுப்பாக்குவது என்பதே வழக்காகிவிடும். உங்கள் ஏற்பாட்டில் அதைவிட மோசமான ஒன்று உண்டு. ஃபெராரி வருவது உரிமையாளரிடமிருந்து. மெக்லாரன் போவது நிலையத்துக்கு. நாளை ஃபெராரியில் பெரும் பழுது தெரியவந்தால், முன்பின் அறியாத ஒரு தனிநபரிடம் நீங்கள் பணம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மெக்லாரனோ அதற்குள் மூன்றாம் ஒருவருக்கு விற்கப்பட்டிருக்கும்.

ஆகவே நிலையம் அந்த ஃபெராரியைத் தானே வாங்கி, தன் பெயரிலேயே உங்களுக்கு விற்கட்டும். அதற்காகக் கொஞ்சம் அதிக விலை கேட்டால் கொடுங்கள். அது வீண் செலவன்று. மெக்லாரனுக்கு எவ்வளவு மதிப்புப் போட்டார்கள் என்பதும் பவுண்டில், தனி வரியாக ரசீதில் இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், எவ்வளவு பணம் திரும்ப வர வேண்டும் என்ற சச்சரவு அப்போது எழாது.

கிரெடிட் கார்டைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பொருளின் ரொக்க விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் இருந்தால்தான் செல்லும். நீங்கள் கார்டில் கட்டும் முன்பணம் சிறியதாக இருக்கலாம். காரின் விலை அந்த வரம்பைத் தாண்டிவிடுவதால் அந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. நேரில் சென்று நிலையத்தில் ஒப்பந்தம் செய்தால், மனம் மாறித் திரும்பக் கேட்க 14 நாள் அவகாசமும் இல்லை. அது தொலைபேசியிலோ இணையத்திலோ முழுமையாக முடிக்கும் விற்பனைக்கு உரியது. சோதனை திருப்தியாக அமையாவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்று எழுதித் தராதவரை ஒரு பவுண்டுகூடக் கட்டாதீர்கள்.

மெக்லாரனின் கடன்

48 தவணைகளில் 26 கட்டிவிட்டதால் பாதியைக் கடந்துவிட்டீர்கள் என்று கணக்கிட்டிருக்கிறீர்கள். சட்டம் தவணைகளை எண்ணுவதில்லை. காரை ஒப்படைக்க, செலுத்த வேண்டிய மொத்தத் தொகையில் பாதி கட்டப்பட்டதா என்றே பார்க்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் முன்பணம் 20,000, தவணைகள் 60,000, இறுதித்தொகை 60,000. ஆக மொத்தம் 1,40,000 பவுண்டு. அதில் பாதி 70,000. நீங்கள் இதுவரை கட்டியது 52,500. இன்றே ஒப்படைக்க விரும்பினால் மீதி 17,500 பவுண்டைக் கட்டி, காரையும் நல்ல நிலையில் கொடுத்தால் கணக்கு முடியும். இதற்கு எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும்.

அதற்கும் முன்னால் வேறொன்றைப் பாருங்கள். 60,260 பவுண்டுக்கு மேற்பட்ட கடனில், வாங்குபவர் உயர் வருமானமோ சொத்தோ உள்ளவர் என்று ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டிருந்தால், அந்த ஒப்பந்தம் நுகர்வோர் கடன் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே போயிருக்கலாம். அப்படியானால் பாதியில் ஒப்படைக்கும் உரிமையே உங்களுக்கு இல்லாமல் போகும். மருத்துவர்களிடம் இந்தத் தாள் மற்றக் காகிதங்களோடு நீட்டப்பட்டு, படிக்காமலேயே கையெழுத்தாவதை என் தொழிலில் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் கோப்பைத் திறந்து தேடுங்கள்.

உரிமை இருப்பது உறுதியானால், கடனை இன்று முழுதாக அடைக்க எவ்வளவு என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். மெக்லாரனின் சந்தை விலை அந்தத் தொகையைவிட 17,500 பவுண்டுக்கு மேல் குறைந்திருந்தால், ஒப்படைப்பதே உங்களுக்கு லாபம். அவ்வளவு குறையவில்லையென்றால் விற்று அடைப்பது நல்லது. பற்றாக்குறையைப் புதிய கடனில் ஏற்றிவிடலாம் என்று நிலையம் சொன்னால் சம்மதிக்காதீர்கள்; கையில் இல்லாத காருக்கு வட்டி கட்டும் நிலை வரும். கடன் அடையும் வரை மெக்லாரனின் உரிமையாளர் கடன் நிறுவனமே. தவணைக்குப் பொறுப்பு நீங்களே. நிலையம் அடைப்பதாகச் சொன்னால், பணம் நேராக நிறுவனத்துக்குச் சென்று சேர்ந்ததற்கான உறுதிக்கடிதம் வந்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

பழையது என்றால் எளியது என்று பொருளில்லை

360 மொடேனாவில் மின்னணுக் கருவிகள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக்சிலரேட்டரை எஞ்சினோடு இணைப்பது அதில் கம்பியன்று, மின்சமிக்ஞை. ஏபிஎஸ் உண்டு, சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் ஏஎஸ்ஆர் உண்டு. ஆக்சிலரேட்டர் கம்பி வேண்டுமென்றால் அதற்கு முந்தைய 355க்குப் போக வேண்டும். ஆனால் அதில் டைமிங் பெல்ட்டை (எஞ்சினின் வால்வுகளை இயக்கும் பட்டை) மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். 360இல் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள மூடியைத் திறந்து அந்த வேலையைச் செய்துவிடலாம் என்பது பெரிய நிம்மதி. எனக்குத் தோன்றுவது இது: உங்கள் மெக்லாரனின் ஸ்டீயரிங் இன்னும் ஹைட்ராலிக் வகைதான், சாலையின் உணர்வைக் கைக்குக் கொண்டுவருவதில் அது பலராலும் பாராட்டப்பட்டது. நீங்கள் ஏங்குவது கிளட்ச்சுக்கும் கியர் கம்பிக்கும்தான் என்றால், ஒரு நாள் வாடகைக்கு மேனுவல் காரை எடுத்து ஹாரோவின் மாலை நெரிசலில் ஓட்டிப்பாருங்கள். அதன் பிறகும் ஆசை குறையாதிருந்தால் அது உண்மையான ஆசை.

பராமரிப்புச் செலவு குறையும் என்பதை ஏற்க முடியாது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்வது வழக்கம். கிளட்ச் தேயும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் விரிசல் விடும், உட்புறப் பிளாஸ்டிக் பொத்தான்கள் பிசுபிசுக்கும். உடற்சட்டம் அலுமினியம், விபத்தில் சிதைந்து தேறிய காரென்றால் அதைச் சரியாகச் செய்தார்களா என்று சாதாரண மெக்கானிக்கால் சொல்ல முடியாது. ஆகவே விற்பவரோடு தொடர்பில்லாத ஃபெராரி நிபுணர் ஒருவரைக் கொண்டு சோதித்து, அறிக்கையை உங்கள் பெயருக்கு எழுதி வாங்குங்கள். அறிக்கையில் கண்ட குறையைப் பேசித் தீர்க்காமல் வாங்கினால், பிறகு அதைக் காட்டிப் புகார் செய்ய முடியாது. எந்தப் பழுதை யார் சரிசெய்வது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

வரியைப் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. சொந்தப் பயன்பாட்டுக் காரை விற்று வரும் லாபத்துக்கு பிரிட்டனில் மூலதன ஆதாய வரி இல்லை. அதே காரணத்தால் நட்டத்தையும் வேறு லாபத்தோடு ஈடுகட்ட முடியாது. விலை ஏறியே தீரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. காப்பீடும் பராமரிப்பும் ஆண்டுதோறும் அந்த ஏற்றத்தைத் தின்னும். இதை ஓய்வுக்காலச் சேமிப்பில் சேர்க்காதீர்கள். மனைவியின் தயக்கமும் காரைப் பற்றியதாக எனக்குப் படவில்லை. சேமிப்பு என்ற பெயரில் குடும்பப் பணம் அதில் முடங்கிவிடுமோ என்ற அச்சமாகவே தெரிகிறது. இதை வாழ்க்கை இன்பத்துக்கான செலவு என்று அவரிடம் நேராகச் சொல்லி, பழுதுக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிக் காட்டுங்கள்.

நீங்கள் வாழும் இடத்தால் வரும் செலவு ஒன்றும் உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா வட்டாரங்களும் யூலெஸ் என்னும் மாசுக்கட்டண மண்டலத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன. யூரோ 4 என்னும் புகை மாசுத் தரத்தை எட்டாத பெட்ரோல் கார் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். 2002ஆம் ஆண்டுக் கார்களில் தேறுபவையும் தேறாதவையும் உண்டு. லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் பதிவெண்ணைக் கொடுத்து இன்றே பாருங்கள். அரசின் எம்ஓடி (ஆண்டுத் தகுதிச் சோதனை) பதிவுகளையும் அதே பதிவெண்ணில் இலவசமாகப் படித்து, மைலேஜ் சீராக ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். வி5சி பதிவுப் பத்திரம் உரிமைக்குச் சான்று ஆகாது. கடன் பாக்கியோ காப்பீட்டு நிறுவனம் பழுதுபார்க்கத் தகாதது என்று கழித்துவிட்ட வரலாறோ உண்டா என்பதற்குத் தனிச் சோதனை செய்ய வேண்டும்.

வேகம் குறைந்த கார் என்பதால் ஆபத்தும் குறைவு என்று கொள்ளாதீர்கள். மெக்லாரனில் கார் தடம் புரளாமல் காக்கும் கட்டுப்பாடு உங்களை அறியாமலே பல தவறுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறது. எஞ்சின் நடுவிலுள்ள 360இல், ஈரச்சாலை வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடக்கூடும். முதல் மாதத்திலேயே ஒரு பயிற்சியாளரோடு மூடிய தடத்தில் பழகிக்கொள்ளுங்கள்; டயரின் தேய்மானத்தோடு அது தயாரான ஆண்டையும் பாருங்கள்.

காப்பீட்டை, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுங்கள். கியர் மாற்றியமைக்கப்பட்ட காராக இருந்தால் அதை நிறுவனத்திடம் மறைக்காமல் சொல்லுங்கள். கவனக்குறைவாகத் தவறான விவரம் தந்தாலும் இழப்பீட்டை அதற்கேற்பக் குறைக்க 2012ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

இந்த வார இறுதியில் முன்பணத்துக்குப் பதிலாக ஒரு மின்னஞ்சலை அனுப்புங்கள். நிலையம் தன் பெயரில் விற்குமா, தொழிற்சாலை மேனுவல் என்று எழுதித் தருமா, நிபுணர் சோதனைக்கு இடம் தருமா, மெக்லாரனின் மதிப்பைத் தனியே காட்டுமா என்ற நான்கையும் கேளுங்கள். நான்குக்கும் எழுத்தில் சம்மதம் வந்தால் பேரத்தைத் தொடரலாம். முதல் இரண்டில் ஒன்றை மறுத்தாலும், மெக்லாரனின் கணக்கை மட்டும் தனியாக முடித்துக்கொண்டு, வேறொரு 360 சந்தைக்கு வரும் வரை காத்திருங்கள். கடன் ஒப்பந்தத்தின் நகலையும் நிலையத்தின் பதிலையும் எனக்கு அனுப்பினால், அந்த உயர் வருமான அறிக்கை உங்களைக் கட்டுப்படுத்துகிறதா என்று படித்துச் சொல்கிறேன்.